"நூற்றைம்பது நாள் ஆக்கிவிட்டார்களாமே?": நாடாளுமன்றக் குழு அறிக்கை பற்றிக் கேட்டால் அலுவலகங்கள் ஏன் பதில் சொல்வதில்லை

பென்னாகரம் நிருபர்
திங்கள், காலை 6.40

பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

2022 பிப்ரவரி. ஊரக வளர்ச்சித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கையை அவையில் வைத்தது. வேலை நாட்களை 100-லிருந்து 150 ஆக உயர்த்த வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. செய்தி டெல்லியிலிருந்து பென்னாகரம் வந்து சேர்வதற்குள் 'பரிந்துரை' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. 150 மட்டும் வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து ஏரி வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். கரைமேல் புளிய மர நிழலில் ஓர் அம்மா நின்றிருந்தார். அவர் குடும்பத்துக்கு அந்த ஆண்டின் நூறு நாளும் முடிந்திருந்தது. வேலைக்காக வரவில்லை, கேட்பதற்காகவே மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். வேலை அட்டையை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, "தம்பி, நூற்றைம்பது நாள் ஆக்கிவிட்டார்களாமே, மீதி ஐம்பதை இதில் எப்போது ஏற்றுவார்கள்?" என்றார்.

அரசு இன்னும் ஏற்கவில்லை, அது குழுவின் யோசனைதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் அரசாங்கம் இல்லையே. அரசாங்கம் சொன்னதாக மூன்று வரி அச்சில் வந்தால் போதும் என்று நினைத்து மாவட்டத் தலைநகருக்குப் போனேன். முதல் அலுவலகத்தில் "மேலிடத்தில் கேளுங்கள்" என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் "துறையிலிருந்து குறிப்பு வந்தால்தான் நாங்கள் வெளியிட முடியும்" என்றார்கள். சென்னைக்குத் தொலைபேசியில் கேட்டால், அது மத்திய அரசின் விஷயம். டெல்லி எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து நாள் அலைந்தேன். அந்த ஐந்து நாளில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 'கூடுதல் 50 நாள் கோரும் விண்ணப்பம்' 20 ரூபாய்க்கு விற்பனையானது. வாங்கியவர்களில் அந்த அம்மாவும் ஒருவர்.

அந்த 20 ரூபாய் இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்போது குடிநீரில் ஃபுளோரைடு பற்றி எழுத இருக்கிறேன். குடிநீர்த் துறையின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஆண்டுச் செலவுக்கு அது கேட்கும் தொகைகளை, நீர்வளத்துக்கான நிலைக்குழு ஆண்டுதோறும் ஆராய்ந்து அறிக்கை வைக்கிறது. அதை வைத்துக்கொண்டு இங்குள்ள அலுவலகங்களில் கேட்கப் போகிறேன். மறுபடியும் அதே ஐந்து நாள்தானா?


தொப்பூர் கணவாய்
திங்கள், காலை 7.55

அண்ணா, வழி ஒன்றும் கிடையாது. கேள்வி கேட்டால் அடுத்த மேசை, அதற்கு அடுத்த மேசை. நான் இரண்டு ஆண்டு ஒரு வார இதழுக்கு எழுதிவிட்டு விட்டுவிட்டேன். வேண்டுமென்றே மறைக்கிறார்கள், அவ்வளவுதான்.


பாலக்கோட்டுக்காரன்
திங்கள், பிற்பகல் 2.15

'வேண்டுமென்றே' என்று முடித்துவிட வேண்டாம், தம்பி. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுத் திரும்பியவன் நான். அதில் ஒன்பது ஆண்டுகள் நாடாளுமன்றப் பிரிவில் இருந்தேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். எது நியாயமான மௌனம், எது சோம்பல் மௌனம் என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 1993-ல் தொடங்கின. அப்போது 17. 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவை உறுப்பினர்கள் 21 பேர், மாநிலங்களவை உறுப்பினர்கள் 10 பேர். குழு அமைச்சகத்திடம் எழுத்தில் கேள்விகள் அனுப்பும், செயலாளரை அழைத்துச் சாட்சியம் கேட்கும், பிறகு அறிக்கை எழுதும். அந்த வரைவிலுள்ள எண்களும் விவரங்களும் சரிதானா என்று பார்க்க அமைச்சகத்துக்கே ரகசியமாக அனுப்பப்படும். ஆகவே "அறிக்கையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை" என்று டெல்லியில் எவராவது சொன்னால், பெரும்பாலும் அவர் மேசைக்கு வரவில்லை என்றுதான் பொருள். அமைச்சகத்துக்கு வரவில்லை என்று பொருள் இல்லை.

அவையில் வைத்த அன்றே எங்கள் பிரிவில் வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு பரிந்துரையையும் தனித்தனித் தாளில் எடுத்து, பத்தி எண் போட்டு, உரிய பிரிவுகளுக்கு அனுப்புவோம். அரசின் பதில் மூன்று மாதத்துக்குள் குழுவுக்குப் போக வேண்டும். பிரிவு எழுதும், இணைச் செயலாளர் திருத்துவார், செயலாளர் பார்ப்பார், நிதி தொடர்பானால் இன்னொரு அமைச்சகத்துக்கும் போகும்.

இந்த மூன்று மாதத்தில்தான் நிருபர்கள் கேட்பார்கள். கேள்வி பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அதிகாரி வழியாக எங்களுக்கு வரும். அமைச்சகத்தில் பத்திரிகையோடு பேசக்கூடியவர்கள் அமைச்சர், செயலாளர், அதற்கென அனுமதி பெற்ற அதிகாரிகள் மட்டுமே. எங்கள் பதில் முதலில் யாருக்குப் போக வேண்டும்? குழுவுக்கு. நாடாளுமன்றத்துக்குச் சொல்வதற்கு முன் பத்திரிகைக்குச் சொன்னால் அது அவைக்குச் செய்யும் அவமதிப்பு என்ற அச்சம் ஒவ்வொரு மேசையிலும் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. "150 நாளை அரசு ஏற்குமா?" என்ற கேள்விக்கு அந்த மூன்று மாதத்தில் எந்த அதிகாரியும் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

ஆனால் நிருபர் தம்பி, நீங்கள் கேட்டது அது இல்லையே. "இது பரிந்துரையா, முடிவா?" என்று கேட்டீர்கள். "இது குழுவின் பரிந்துரை. அரசு இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போது நடப்பில் இருப்பது 100 நாள்தான்." அன்று இதைச் சொல்ல எந்த விதியும் தடையாக இல்லை. சட்டத்தில் உள்ளதைச் சொல்வதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அவர்கள் இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த அம்மாவின் 20 ரூபாய் போனது அந்தக் குழப்பத்தால்தான்.


தென்பெண்ணைக் கரை
திங்கள், மாலை 5.30

பாலக்கோட்டு ஐயா, ஒரு சந்தேகம். குழு அறிக்கையைத் தொட்டாலே அவையின் உரிமை மீறல் ஆகிவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் ஆசிரியர் பயமுறுத்துகிறார். காவேரிப்பட்டினத்திலிருந்து நான் அனுப்பிய ஒரு செய்தியை அதனாலேயே நிறுத்திவிட்டார். உண்மையிலேயே சிறைக்குப் போக வேண்டியிருக்குமா?


பாலக்கோட்டுக்காரன்
திங்கள், இரவு 8.05

தேதியைப் பாருங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. மக்களவை நடைமுறை விதி 275-இன்படி, குழுவின் சாட்சியம், அறிக்கை, நடவடிக்கைகள் எதுவும் அவையில் வைக்கப்படும் வரை ரகசியம். அதற்கு முன் வெளியிட்டால் உரிமை மீறல். குழு உறுப்பினரே உங்கள் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். அவையில் வைத்த பிறகு அது ஊருக்கே பொதுவான ஆவணம். வைக்கப்பட்டதை உள்ளபடி, கெட்ட நோக்கமின்றி வெளியிடுகிறவருக்கு அரசியல் சாசனத்தின் 361-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. 1978-இன் 44-ஆவது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதற்கு முன்பே 1956-ல் ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகி அந்தப் பாதுகாப்பைத் தந்தது. நெருக்கடி நிலையின்போது அதை நீக்கினார்கள், 1977-ல் திரும்ப வந்தது.

உங்கள் ஆசிரியரின் பயத்துக்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1987-ல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக மூன்று மாதச் சிறை விதித்தது. சில நாளில் விடுவித்தார்கள். 2003 நவம்பரில் தி இந்து இதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த இரண்டும் குழு அறிக்கை தொடர்பானவை அல்ல. ஆனாலும் அந்த நினைவு நம் பத்திரிகை அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே மக்களவையில் எந்த நாள், மாநிலங்களவையில் எந்த நாள் வைக்கப்பட்டது என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள்.


குழாயடி
செவ்வாய், காலை 5.50

நான் மாநில அரசின் பொறியாளர். எந்தத் துறை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தியாளர் வந்தார். நல்ல மனிதர். எத்தனை கைப்பம்புகளில் தண்ணீர் குடிக்கத் தகுதி இல்லை என்று கேட்டார். என்னிடம் இருந்த பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அந்தப் பம்புகளில் 'குடிக்க உதவாது' என்று சிவப்பு வண்ணம் பூசிவிட்டோம், மாற்றுக் குழாய் போட்டாயிற்று என்பதையும் சொன்னேன். மறுநாள் தலைப்பு: 'நச்சுத் தண்ணீர்: அதிகாரி ஒப்புதல்'. சிவப்பு வண்ணமும் மாற்றுக் குழாயும் செய்தியில் இல்லை. பதினோரு மணிக்கெல்லாம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் பேசியது ஏன் என்று. சிறு தண்டனைக்கான 17(ஏ)-வோடு போயிற்று, பெரும் தண்டனைக்கான 17(பி) போட்டிருந்தால் என் பதவி உயர்வு நின்றிருக்கும். என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு செய்தியாளர் யார் வந்தாலும் "மேலிடத்தில் கேளுங்கள்" என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கே நாக்கு கூசுகிறது. ஏனென்றால் மேலிடத்துக்கு அந்த எண்ணைத் தயாரித்து அனுப்புவதும் நான்தான். நாடாளுமன்றக் குழுவுக்கு டெல்லி தரும் புள்ளிவிவரமும் என்னைப் போல நூறு பேர் கட்டிக் கொடுத்ததுதான். அச்சில் வந்த என் எண்ணையே நான் உறுதி செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.


பென்னாகரம் நிருபர்
செவ்வாய், காலை 7.20

ஐயா, 'ஒப்புதல்' என்று தலைப்புப் போட்டது எங்கள் தொழிலின் தவறு. தலைப்பை நிருபர் போடுவதில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அனுப்பும்போதே "அதிகாரி தகவல் தந்தார், ஒப்புக்கொண்டார் என்று போடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பலாம். இனி அனுப்புவேன்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வாயால் கேட்டால் உங்களுக்கு ஆபத்து. எழுத்தில் கேட்டால்? கேள்வியைத் தபால் பிரிவில் கொடுத்து, அது கோப்பில் ஏறி, உங்கள் மேலதிகாரி கையெழுத்திட்டு வந்தால் உங்களுக்குப் பாதுகாப்பா?


குழாயடி
செவ்வாய், இரவு 9.40

நிச்சயமாக. எழுத்தில் வந்தால் நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பியே ஆக வேண்டும். அதில் கேட்டிருப்பது எண்ணாக இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.


அணைக்கட்டு வாசகர்
புதன், காலை 10.10

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். நாடாளுமன்றக் குழு என்றால் டெல்லி, தொலைவு. சட்டமன்றக் குழுக்கள் நம் வாசலுக்கே வருகின்றன. மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு என்று மாவட்டம் மாவட்டமாக வந்து, இடங்களைப் பார்த்து, ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் ஆய்வுக் கூட்டம் நடத்துகிறார்கள். மாலையில் நமக்கு வரும் செய்திக் குறிப்பில் யார் யார் கலந்துகொண்டார்கள் என்ற பட்டியல் முக்கால் பக்கம், குழுத் தலைவரின் பெயர் நான்கு முறை. குழு என்ன கேட்டது, துறை என்ன சொன்னது என்பது ஒரு வரிகூட இல்லை.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பல மனுக்கள் போட்டவன். செய்தியாளர்கள் அந்த வழியை மறந்துவிடுகிறார்கள், அவசரத்துக்கு உதவாது என்பதால். 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குழு அறிக்கைக்கு மூன்று மாதப் பதில் காலம் என்று ஐயா சொன்னாரே, அந்தக் காலத்துக்குள் 30 நாள் அடங்கிவிடும். மாநிலத் துறைக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அமைச்சகத்துக்கு இணையம் வழியாகவே போடலாம். 8(1)(சி) பிரிவைக் காட்டி, அவை உரிமை பாதிக்கப்படும் என்று மறுப்பார்கள். அவையில் வைக்கப்படாததற்குத்தான் அது பொருந்தும். வைக்கப்பட்ட அறிக்கைக்கு அதைக் காட்டினால் முதல் மேல்முறையீட்டில் அந்தத் தேதியை எழுதுங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் பதில் கிடைத்தது, 17 பக்கம்.

கருத்து கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். "துறையின் நிலைப்பாடு என்ன" என்றால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இன்ன பத்தி பற்றித் துறை அனுப்பிய பதிலின் நகல்" என்றால் திருப்ப முடியாது.


ஊத்தங்கரை ஆசிரியை
புதன், மாலை 6.25

அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பத்திரிகைத் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் பதில் சொல்லாமல் விடுவதால் என்ன ஆகும் என்று தெரியும்.

2021 டிசம்பரில் பெண்ணின் திருமண வயதை 18-லிருந்து 21 ஆக்கும் மசோதா மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் குழந்தைத் திருமணம் எவ்வளவு பெரிய துயரம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செய்தி 'சட்டம் வந்துவிட்டது' என்று ஒரு பக்கமும், 'பொங்கல் கழித்து வந்துவிடும்' என்று இன்னொரு பக்கமும் பரவியது. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண். பதினெட்டு நிறைந்த அடுத்த முகூர்த்தத்திலேயே அவள் தந்தை கல்யாணத்தை முடித்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். "டீச்சர், சட்டம் வந்துவிட்டால் இன்னும் மூன்று வருடம் எப்படிக் காப்பாற்றுவது?" என்றார். சட்டம் வரவில்லை, குழுவில்தான் இருக்கிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. உள்ளூர் அலுவலகம் ஒன்றில் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். "குழுவின் பரிசீலனையில் இருப்பதால் எதுவும் சொல்ல முடியாது" என்று பதில் வந்திருக்கிறது.

அந்த மசோதா 2024-ல் மக்களவையின் காலம் முடிந்ததோடு காலாவதி ஆகிவிட்டது. அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

"எதுவும் சொல்ல முடியாது" என்பதும் ஒரு பதில்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கேட்கிறவருக்கு அது 'ஏதோ இருக்கிறது' என்றுதான் கேட்கிறது.

இன்னொன்று. இந்த அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. நானே அகராதியை வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். அந்தத் தந்தைக்குத் தமிழில் யார் சொல்வது? நிருபர் தம்பி, உங்களை விட்டால் ஆள் இல்லை. உங்களுக்கு அலுவலகம் பதில் சொல்லவில்லை என்றால் அது உங்களோடு நிற்பதில்லை.


பாலக்கோட்டுக்காரன்
புதன், இரவு 9.15

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

தம்பிக்கு நான் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். துறையின் வாயிலிருந்து பதில் வாங்க ஏன் ஐந்து நாள் அலைய வேண்டும்? துறை ஏற்கெனவே எழுத்தில் பதில் சொல்லிவிட்டது, அச்சிலும் இருக்கிறது. யாரும் புரட்டுவதில்லை. முதல் அறிக்கை வரும் நாளில் எல்லாப் பத்திரிகையும் எழுதும். அரசின் பதில்களை வாங்கிய பிறகு அதே குழு இரண்டாவதாக ஓர் அறிக்கை வைக்கும், எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றியது. அந்த நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. செய்தி அங்கேதான் இருக்கிறது.

அதில் ஐந்து அத்தியாயங்கள். முதலாவது, குழுவின் கருத்துரை. இரண்டாவது, அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள். மூன்றாவது, அரசின் பதிலைப் பார்த்துக் குழு மேலே வற்புறுத்த விரும்பாதவை. நான்காவது, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை. ஐந்தாவது, இறுதிப் பதில் இன்னும் வராதவை. ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே அமைச்சகத்தின் பதில் வார்த்தை மாறாமல் இருக்கும். நான்காவது அத்தியாயத்தை எடுத்துப் படியுங்கள். நாங்கள் எழுதிய மழுப்பலும், அதற்குக் குழு கொடுத்த சாட்டையடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என் கையால் வரைவு எழுதிய பதில் ஒன்று அந்த அத்தியாயத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தோம். குழு, "இது பதிலே அல்ல" என்ற பொருளில் ஒரு பத்தி எழுதியது. சரியாகத்தான் எழுதினார்கள்.

அதோடு, அமைச்சர் தம் துறையின் அறிக்கைகளில் உள்ள பரிந்துரைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை தர வேண்டும். சபாநாயகரின் 73-ஏ வழிகாட்டுதல் அது. உங்கள் தொகுதி உறுப்பினர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் அவையின் இணையதளத்திலேயே கிடைக்கும். இவ்வளவையும் படித்துவிட்டு உள்ளூர் அலுவலகத்துக்குப் போனால், உங்கள் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.


ஓசூர் சிப்காட்
வியாழன், காலை 8.30

பிரிட்டனில் எப்படி என்று ஒரு வரி. அங்கே குழு அறிக்கைக்கு அரசு இரண்டு மாதத்தில் பதில் தர வேண்டும் என்பது மரபு. இன்ன நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு செய்தியாளர்களுக்கு அறிக்கையை முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு. படித்து, புரிந்து, கேள்வி கேட்டு எழுத அவகாசம் கிடைக்கிறது. குழுக்களின் முன் அதிகாரிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1980-லிருந்தே ஆஸ்மதர்லி விதிகள் என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. இங்கே அறிக்கை அவையில் வைத்த பிற்பகலே நானூறு பக்கத்தைப் புரட்டி மாலைப் பதிப்புக்குக் கொடுக்க வேண்டும். 'பரிந்துரை' என்ற சொல் உதிராமல் என்ன செய்யும்?


பென்னாகரம் நிருபர்
வியாழன், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. ஃபுளோரைடு செய்திக்கான கேள்விக் கடிதத்தை எழுதிவிட்டேன். கொடுக்கும் முன் இங்கே போடுகிறேன்.

பின்னணி எல்லோருக்கும் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைத் தீர்க்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். ஆனாலும் ஆற்று நீர் வராத நாட்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். நேற்று ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். படம் எடுக்கிறேன், சிரியுங்கள் என்றேன். முன் வரிசையில் இருந்த பெண் குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே சிரித்தது. பற்களில் பழுப்புக் கோடுகள். வகுப்பில் ஏழெட்டுப் பேர் அப்படி.

கேள்விகள்:

ஒன்று: பென்னாகரம் ஒன்றியத்தில் கடைசியாக நடந்த நீர்ப் பரிசோதனையில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்த குடியிருப்புகள் எத்தனை? பரிசோதனைத் தேதி என்ன?

இரண்டு: அந்தக் குடியிருப்புகளுக்கு ஒகேனக்கல் நீர் போதிய அளவில் வருகிறதா?

மூன்று: நிலைக்குழுவின் பரிந்துரை இங்கே ஏன் நடைமுறைப்படுத்தப்படவில்லை?

நான்கு: அறிக்கை பற்றித் துறையின் கருத்து என்ன?


அணைக்கட்டு வாசகர்
வியாழன், இரவு 10.45

முதல் கேள்வி அருமை. 1.5 என்பது மாற்று நீர் இல்லாத இடத்துக்கான உச்ச வரம்பு. ஏற்கத்தக்க அளவு 1.0 தான். இரண்டுக்கும் தனித்தனியாக எண் கேளுங்கள். இல்லையென்றால் 1.4 உள்ள ஊர்கள் கணக்கிலேயே வராது.


பாலக்கோட்டுக்காரன்
வெள்ளி, காலை 6.10

நான்காவது கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. அந்த ஒரு கேள்விக்காக மொத்தக் கடிதமும் சென்னைக்குப் போய்விடும், அங்கிருந்து டெல்லிக்கு. அதைத் தனியாக அமைச்சகத்துக்கும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், அறிக்கையின் பெயர், பத்தி எண், உங்கள் பதிப்புக்கான கெடு ஆகியவற்றோடு.

மூன்றாவதில் 'ஏன்' வேண்டாம். 'ஏன்' என்றால் குற்றச்சாட்டு, அதற்கு விளக்கம் தயாரிப்பார்கள். பாதிக்கப்பட்ட குடியிருப்புகளில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் தர, இடைக்கால ஏற்பாடாகச் சமுதாய நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கலாம் என்று மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்திலேயே இருக்கிறது. "இந்த ஒன்றியத்தில் எத்தனை அமைக்கப்பட்டன, இன்று எத்தனை இயங்குகின்றன" என்று கேளுங்கள். ஏன் என்பதை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி சொல்லிவிடும்.


குழாயடி
வெள்ளி, காலை 6.35

இரண்டாவதில் 'போதிய அளவில்' என்று கேட்டால் 'ஆம்' என்று வரும். "வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், குடியிருப்பு வாரியாக" என்று எழுதுங்கள். நீர் திறப்புப் பதிவேட்டில் அது இருக்கும். அறிக்கையின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள், தேட வேண்டிய வேலை இல்லாமல் போகும். பதில் வேண்டிய நாளையும் நேரத்தையும் குறியுங்கள். தபால் பிரிவில் கொடுத்து இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், குறைதீர்க்கும் நாளில் எல்லோரும் ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள்.

இப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தால் அன்று மாலைக்குள் குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடுவேன்.


ஊத்தங்கரை ஆசிரியை
வெள்ளி, காலை 7.00

பதில் வந்தாலும் வராவிட்டாலும் வெளியிடுங்கள், தம்பி. வராவிட்டால், எந்த நாளில் எந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்பதோடு. அந்தக் குழந்தையின் படம் வேண்டாம்.


பென்னாகரம் நிருபர்
வெள்ளி, காலை 7.15

படம் போட மாட்டேன், அம்மா. மூன்று கேள்வியையும் சொன்னபடி மாற்றிவிட்டேன். 1.0-க்கும் 1.5-க்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிட்டேன். பதில் வேண்டிய நாள் அடுத்த வியாழன், மாலை 5 மணி. இரண்டு பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடை திறக்கக் காத்திருக்கிறேன். எட்டேகால் பஸ்ஸில் தருமபுரி போகிறேன்.